முட்டி போட்டு ஒரு சுற்று

ஆசையாகத்தான் அவளுக்கு மௌனிகா என்று பெயர் வைத்தார்கள். ஆனால் இரண்டு வயது நிறைவதற்குள்ளேயே, மீனாட்சிபுரத்தில் அவர்கள் தெருவில் கேட்கும் சத்தத்தில் பாதி அவளுடையதாக இருந்தது. காகத்தைக் கூப்பிடுவாள், பால் வண்டியைக் கூப்பிடுவாள், கூப்பிட யாரும் இல்லாவிட்டால் சுவரைக் கூப்பிடுவாள்.

அதனால்தான் அன்று காலை வீடு திடீரென்று அமைதியானதும் அவள் அம்மா செல்வப்பிரியாவுக்குச் சந்தேகம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தாள். பின்வாசல் நடையில் குறுக்கே வைத்திருந்த பலகை சாய்ந்து கிடந்தது. குழந்தையைக் காணவில்லை.

பின்பக்கக் கட்டுத்தரையில் மாடுகள் நின்றுகொண்டிருந்தன. அவற்றின் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் மௌனிகா வயிற்றை வைத்துத் தொங்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கால்கள் தரையில் இல்லை.

பாய்ந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள் செல்வப்பிரியா. குழந்தை தண்ணீரைக் காட்டி வீறிட்டது. அம்மா அவளை விடாமல் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

மறுநாளே வெல்டரை வரவழைத்துப் பின்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டார்கள். செல்வப்பிரியா சொன்னதுதான் முடிவு. அவள் கணவன் ரமேஷ்குமார் மறுப்புச் சொல்லவில்லை.

முதல் நாள் மௌனிகா கம்பியைப் பிடித்து ஆட்டினாள். அடுத்த நாள் அழுதாள். அதற்குப் பிறகு, கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு மாடுகளைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். சோறு ஊட்டினால் வாங்கிக்கொண்டாள். காகம் வந்தபோதும் கூப்பிடவில்லை.

"இப்பத்தான் பேருக்கேத்த புள்ளையாயிருக்கறா" என்றான் ரமேஷ்குமார். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். செல்வப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு மட்டும் இவள அடச்சு வெக்க ஆசையாங்க? தொட்டிக்குள்ள உழுந்திருந்தா என்ன பண்றது?"

"அப்ப தொட்டிய மூடுவோம், பிரியா. புள்ளைய எதுக்கு மூடோணும்?"

"தொட்டி ஒண்ணுதானா? இன்னும் என்னென்ன கெடக்குதோ! நமக்குக் கண்ணு இங்க இருக்குது, அவளுக்குக் கண்ணு நம்ம முட்டிக்கிட்ட இருக்குது. அவ பாக்கறது நமக்கு எப்படித் தெரியும்?"

ரமேஷ்குமார் கொஞ்சம் யோசித்தான். "அப்ப முட்டி போட்டுப் பாத்தர்லாம், வா."

விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் நிஜமாகவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டுத்தரையில் கையை ஊன்றினான். அவளும் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு இறங்கினாள். அப்பாவும் அம்மாவும் தவழ்வதைக் கண்ட மௌனிகா, நன்றாக நடக்கத் தெரிந்தவள், தானும் நாலு காலில் இறங்கி நடுவில் புகுந்துகொண்டாள். பல நாள் கழித்து அவள் போட்ட கூச்சலில் மாடுகள் காதை ஆட்டின.

அந்தக் கோலத்தில்தான் பால் வண்டி ஓட்டுகிற தனபால் அவர்களைப் பார்த்தான்.

"ஏனுங்க, என்னத்தத் தொலச்சீங்க? தோடுங்களா?" என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திராமல் தானும் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்துவிட்டான். செல்வப்பிரியாவுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. விஷயத்தைச் சொன்ன பிறகும் அவன் எழவில்லை.

"நல்லதாப் போச்சு. இங்க பாருங்க, சோளத்தட்டு வெட்டற மெஷினு ஒயரு. புள்ளை மூக்குக்கு நேராத் தொங்குது."

அவர்கள் தினமும் புழங்கும் இடம்தான். ஆனால் கீழிருந்து பார்த்தபோது அது வேறு இடமாக இருந்தது. தீவனத் தொட்டியின் அடியில் செருகியிருந்த அரிவாள் பளபளவென்று கூப்பிட்டது. சாக்குக்குப் பின்னால் உண்ணி மருந்து பாட்டில், மூடி பாதி திறந்தபடி. மேலேயிருந்து பார்த்தால் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. உதைக்கிற கறுப்பு மாட்டின் பின்னங்கால்கள் எவ்வளவு பெரியவை என்று செல்வப்பிரியா அன்றுதான் கண்டாள்.

தொட்டிக்குக் கொக்கி வைத்த கம்பி வலை மூடி வந்தது. அரிவாளும் மருந்தும் உத்தரத்துக்கு ஏறின. மெஷின் பூட்டிய அறைக்குள் போயிற்று. கறுப்பு மாட்டைக் கடைசி மூலைக்கு மாற்றிக் குறுக்கே மூங்கில் கட்டினார்கள். ரோட்டுப் பக்கத்துக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும், அதில் பேச்சுக்கே இடமில்லை. கட்டுத்தரைக்குக் குழந்தை வருகிற நேரத்தில் இரண்டு பேரில் ஒருவர் வேறு வேலை பார்க்காமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இது செல்வப்பிரியாவின் சட்டம். ரமேஷ்குமார் உடனே ஒத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரும்புக் கதவைத் திறந்தாள்.

மௌனிகா உடனே ஓடவில்லை. நிலைப்படியில் நின்று அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "போ சாமி" என்றாள் செல்வப்பிரியா. குழந்தை இறங்கியது. ஒரு வைக்கோலைப் பொறுக்கிக்கொண்டு கன்றுக்குட்டியிடம் போய் நீட்டியது. கன்று வைக்கோலை விட்டுவிட்டு அவள் வயிற்றில் செல்லமாக முட்டியது. தொப்பென்று சாணியில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்வப்பிரியாவின் கால் தானாக முன்னே போனது. பெரும்பாடுபட்டு நிறுத்தினாள். மௌனிகா தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தாள். பிறகு அழுவதா வேண்டாமா என்று கேட்பதுபோல அம்மாவைப் பார்த்தாள். உதடு பிதுங்க ஆரம்பித்தது.

செல்வப்பிரியா கையைத் தட்டினாள். "அட, எந்திரி பாப்போம்!"

பிதுங்கிய உதடு அப்படியே சிரிப்பாக விரிந்தது. குழந்தை கன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தது, "கன்னு! கன்னு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியது. பிறகு ஓடிவந்து, அன்று காலையில்தான் துவைத்து உடுத்தியிருந்த அம்மாவின் சுடிதாரில் சாணிக் கைகளை அழுத்திக் கட்டிக்கொண்டது.

"ஐயோ, என்ற துணி!" என்றாள் செல்வப்பிரியா, அவளை இன்னும் இறுக்கிக்கொண்டே.

அந்தப் பிடியிலிருந்து நெளிந்து நழுவி, மௌனிகா மறுபடி கன்றை நோக்கி ஓடினாள். இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவே இல்லை. செல்வப்பிரியா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கை எட்டுகிற தூரத்தில் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டாள்.