ஆசையில்லாத சுண்டெலி

சுண்டெலிகளுக்குக்கூட தா-இன்னைத்தான் பிடித்தது. தென்கொரியாவின் தேஜோன் நகரத்தில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்குப் போன மாதம்தான் வந்தவள். அவள் கூண்டுக்குள் கைவிட்டால் போதும், ஓடிவந்து உள்ளங்கையில் ஏறிக்கொள்ளும். எனக்கு வயிறு எரிந்தது.

சாதாரணச் சுண்டெலிகள் என்றால் போகட்டும். இவை மரபணுவை மாற்றி, மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியை நீக்கிய சுண்டெலிகள். ஏற்பி போனால் ஆசையும் போய்விடும், தீனி வைத்தாலும் மூலையை விட்டு நகராது என்பது என் கண்டுபிடிப்பு. கட்டுரை அச்சுக்குப் போகக் காத்திருந்தது, என் பெயர் முதலில். இவள் கையிலோ அவை ஊர் சுற்றின.

சுண்டெலியின் காதில் குத்திய அடையாளத்தைத் தப்பாகப் படித்திருப்பாள் என்று பேராசிரியர் குக்கிடம் சொன்னேன். எது எந்த எலி என்று தெரியாமல் இருவரும் சோதித்துப் பாருங்கள் என்றார். அதையும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவருடைய செல்லப் பெரிய எலிகளுக்கு மதியம் தீனி வைப்பது என் வேலை. வந்த நாளிலிருந்து அவளுக்கு அதன்மேலும் ஒரு கண். "போராம் அக்கா, அத நான் பாத்துக்கறேனே" என்று என்னிடம் குழைவாள். அவரிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள் என்று நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. சோதனை நாளன்றும் தீனி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

முதலில் தா-இன். குக் எடுத்துக் கொடுத்த சுண்டெலிகள் எல்லாமே திரிந்தன. பிறகு நான். எல்லாமே மூலையில் ஒடுங்கின, ஏற்பி இருந்தவையும்கூட. குக் கண்ணாடியைத் துடைத்தபடி வெளியே போய்விட்டார்.

"காலைல சாதாரணச் சுண்டெலி, பெரிய எலிக்குத் தீனி வச்சதுக்கு அப்புறம் ஏற்பி இல்லாத சுண்டெலி. எப்பவும் இப்படித்தானே அக்கா சோதிப்பீங்க?" என்றாள் தா-இன், தலை நிமிராமல். "பெரிய எலி சுண்டெலிய அடிச்சுத் தின்னும். அந்த வாசனை உங்க கோட்டுல இருக்கு, அதான் பயந்து ஒடுங்குது."

"தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தியா?"

"மூத்தவங்ககிட்ட தப்புன்னு நேரா எப்படிச் சொல்றது? அதான் தீனி வைக்கிற வேலையக் கேட்டேன். கேட்டுக்கிட்டே இருந்தேன்."

கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவினேன். அவள் தன் கோட்டை நீட்டினாள். வேண்டாவெறுப்பாக மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் கைவிட்டேன். ஆசையே இல்லை என்று நான் எழுதிய சுண்டெலி மோந்து பார்த்தது, உள்ளங்கையில் ஏறியது, மணிக்கட்டுவரை வந்தது. என் கட்டுரை அங்கேயே செத்தது.

அழுகை வரவில்லை. கோட்டில் அவள் வாசனை இருக்கிறது, அதற்காகத்தான் ஏறியிருக்கும் என்று தோன்றியதும் மறுபடி வயிறு எரிந்தது.