பாதுகாப்பு வாரத்துப் பேய்

விரல் போன ஒரு பெண்ணுக்கு, ஆட்களைப் பயமுறுத்தக் கற்றுக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. இரண்டாயிரத்து ஏழு மார்ச். ஓசூர் சிப்காட்டில், கார்களுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொடுக்கும் ஒரு கம்பெனி. பெயர் எதற்கு? அங்கே எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி சுவர், ஒரே மாதிரி கேட்.

அந்தக் கேட்டுக்குள் நான் முந்தின வருஷமே போயிருக்கிறேன், இன்டர்வியூவுக்கு. பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா குந்தாரப்பள்ளிச் சந்தையில் லாரிக்கு மாடு ஏற்றுகிறவர். எச்.ஆர். முத்துக்குமார் என் சர்டிபிகேட்டைத் தொடக்கூட இல்லை.

"டிகிரி புள்ளைங்க வேணாம்மா. பிளஸ் டூ போதும். நீங்கள்லாம் கேள்வி கேப்பீங்க."

"கேள்வி கேட்டா என்ன சார்?" என்றேன்.

"பாத்தியா" என்று சிரித்தார்.

அப்புறம்தான் திருமலை அண்ணனின் பேய் வீட்டில் சேர்ந்தேன். தேர்த் திருவிழா, மாங்கனிக் கண்காட்சி என்று ஊர் ஊராகக் கறுப்புத் துணி கட்டி, புகை விட்டு, ஆட்களை அலறவைக்கும் தொழில். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது முகமூடி மாட்டிக்கொண்டு கத்துவது. கத்துவதற்கு எந்தக் கழுதையும் போதும். உள்ளே நிற்கிறவளுக்கு வேறு வேலை. வரிசையில் முதலில் வருகிறவன் முழித்துக்கொண்டு வருவான், அவனை விட்டுவிட வேண்டும். மூன்றாவது ஆள் முன்னால் போகிறவன் முதுகை நம்பி வருவான், அவனைப் பிடிக்க வேண்டும். வெளியே டிக்கெட் வரிசையில் யார் யாரை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், தமிழா தெலுங்கா கன்னடமா என்று காதில் வாங்கிக்கொண்டு, இருட்டில் அந்தப் பேரை அந்த பாஷையில் மெதுவாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும்வரை அசையக் கூடாது. அந்த மூச்சுக்கு அப்புறம்தான் தொட வேண்டும்.

எங்களில் பெரிய ஆள் பேய் இல்லை, ராஜப்பண்ணன். அவர் மூலையில் லைட் சுவிட்சில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். விளையாட்டுக்குக் கத்துவது எது, உயிர் போகிற மாதிரி கத்துவது எது என்று அவர் காதுக்குத் தெரியும். இரண்டாவது வந்தால் அடுத்த நொடி லைட். பாகலூரில் ஒரு தடவை கர்ப்பிணி ஒருத்தியைக் காப்பாற்றியது அந்த லைட்தான்.

முத்துக்குமார் கண்காட்சியில் எங்கள் வீட்டைப் பார்த்திருக்கிறார். பாதுகாப்பு வாரத்துக்குத் தொழிலாளிகளை ஒரு இருட்டுக் குகை வழியாக நடக்கவிட வேண்டும், உள்ளே விபத்து நடந்த மாதிரியே இருக்க வேண்டும், வெளியே வரும்போது ஒவ்வொருத்தனும் நடுங்க வேண்டும் என்று திருமலை அண்ணனிடம் பேசி முடித்தார். குகைக்கு நடுவில் உட்காரத்தான் தங்கமணி.

ராமநாதபுரம் பக்கத்துப் பெண், இருபது வயது. தகடு அடிக்கும் பவர் பிரஸ் மெஷினில் இடது கையில் மூன்று விரல் போய் ஆறு மாசம் ஆகிறது. வேலையை விட்டும் எடுக்கவில்லை, உள்ளேயும் விடவில்லை. "இத நல்லா செஞ்சு குடு, ஒனக்கு ஒரு சீட் பாக்குறேன்" என்று முத்துக்குமார் சொல்லியிருந்தார். அவள் சொல்ல வேண்டியதையும் அவரே சொல்லிக்கொடுத்திருந்தார்: 'நான் அவசரப்பட்டேன். என் தப்பு. நீயும் அவசரப்படாதே.'

கறுப்புத் துணிக்குப் பின்னால் ஒத்திகை பார்த்தோம்.

"நெசமாவே ஒன் தப்பா?" என்று கேட்டேன்.

"அந்த மெசின்ல ரெண்டு பட்டன் உண்டுக்கா. ரெண்டையும் ரெண்டு கையால அமுக்குனாத்தேன் எறங்கும். கை உள்ள மாட்டாம இருக்க அப்பிடி வச்சிருக்காக. டார்கெட் ஓடலன்னு சூப்பர்வைசரு ஒரு பட்டன டேப்பு போட்டு ஒட்டிவச்சுட்டாரு. ஒரு கை பட்டன்ல, ஒரு கை உள்ள. அம்புட்டுத்தேன்."

"அப்ப அதைச் சொல்லேன்டி, உள்ள உக்காந்து!"

"சொல்லிப்பிட்டு? ஊருக்குப் போயி இந்தக் கைய வச்சு என்ன செய்ய? நீங்க வந்து சோறு போடுவீகளா?"

எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. முத்துக்குமார் மேல் வந்திருக்க வேண்டிய கோபம். ஆனால் அவர் பக்கத்தில் இல்லை, இவள் இருந்தாள். "சரி, அப்ப ஒழுங்கா கத்துக்க" என்று மூன்றாவது ஆள், பேர், மூச்சு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

காலை ஷிப்டிலிருந்து பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். முத்துக்குமார் கேமராவோடு ராஜப்பண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டார். புகை, மெஷின் இறங்கும் சத்தம், அப்புறம் சின்னச் சிவப்பு வெளிச்சத்தில் அந்தக் கை. முதல் பேட்ச் பெண்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். வெளியே போனதும் உறுதிமொழி படித்து, ஆளுக்கொரு லட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மத்தியானத்துக்கு முன் வந்த பேட்ச்சில் சுப்ரியா இருந்தாள். தங்கமணியின் ரூம்மேட். விபத்து நடந்த அன்று பக்கத்து மெஷினில் நின்றவள். இப்போது தங்கமணியின் மெஷினில் நிற்பவள்.

தங்கமணி ஆரம்பித்தாள். "நான் அவசரப்பட்டேன். என் தப்பு..."

"பொய்யி." சுப்ரியா நின்றுவிட்டாள். "ஏன்டி பொய் சொல்ற? டேப்பு ஒட்டுனது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

வரிசை நின்றது. பின்னால் யாரோ "ஆமா" என்றார்கள். முத்துக்குமார் கேமராவை இறக்கினார். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். சொல்லுடி, இன்னும் சத்தமாகச் சொல்லு என்று துணிக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சிவப்பு விளக்கு அணைந்தது. தங்கமணி காலாலேயே வயரைப் பிடுங்கியிருக்கிறாள். இருட்டில் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம், காதோடு பேசுகிற மாதிரி ஒரு குரல்:

"சுப்பி."

அவர்கள் ரூமில் கூப்பிடும் பேராக இருக்கும். நான் சொல்லிக்கொடுத்தபடியே அவள் காத்திருந்தாள். சுப்ரியா மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டது. அடுத்த நொடி அந்தக் குறைக் கை அவள் வாய்மேல் அழுந்தியிருக்க வேண்டும்.

"அந்த மெசினு உன்னையும் கேக்குதுடி சுப்பி. இன்னைக்கா நாளைக்கா?"

சுப்ரியா கத்தினாள். அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் எந்தத் திருவிழாவிலும் கேட்டதில்லை. கேமராவின் சின்ன வெளிச்சத்தில் ராஜப்பண்ணன் கை சுவிட்சுக்குப் போவது தெரிந்தது. முத்துக்குமார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க சார்! அந்தப் பொண்ணுக்கு நெஜமாவே ஏதோ ஆயிடுச்சு, எனக்குத் தெரியும்!"

"இருய்யா. ஓடட்டும். இதுதான் வேணும்."

மற்ற ஒன்பது பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கதவுக்கு ஓடினார்கள். லைட் வந்தபோது சுப்ரியா தரையில் கிடந்தாள். சுடிதார் நனைந்திருந்தது. டேப்பைப் பற்றி அப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியவளை அந்த மாதிரி தூக்கிக்கொண்டு போகும்போது யார் பேசுவார்கள்?

முத்துக்குமாருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. "திருமலை, இது ஒரு வாரத்துக்கு வைக்கிற சமாச்சாரம் இல்லய்யா. பெர்மனென்ட்டா வெச்சிரலாம். புதுசா சேர்ற ஒவ்வொரு பேட்ச்சும் மொத நாள் இதுக்குள்ள வந்துட்டுத்தான் மெஷினுக்குப் போகணும்." தங்கமணி பக்கம் திரும்பினார். "ஒனக்கு வேலை போட்டாச்சும்மா."

"எந்த லைனு சார்?"

"லைனா? இங்கதான். இதே எடம்."

அவள் ஒரு கணம் கையைப் பார்த்துக்கொண்டாள். "ஐடி கார்டு குடுப்பீகளா சார்?"

"குடுக்கலாம்."

"யூனிபார்மு?"

"பேய்க்கு எதுக்கும்மா யூனிபார்ம்?" என்று அவர் சிரிக்க, திருமலை அண்ணனும் கூடச் சிரித்தார்.

"கேன்டீன்ல யூனிபார்ம் இல்லாம சோறு போட மாட்டாக சார்."

"சரி சரி, குடுத்துரலாம்."

திருமலை அண்ணன் கறுப்புத் துணி, புகை மெஷின் எல்லாவற்றையும் கம்பெனிக்கே விற்றுவிட்டார். ராஜப்பண்ணனை வேண்டாம் என்றார்கள். லைட் போடுகிற ஆள் தேவையில்லையாம். என்னிடம், "மணிமேகலை, நீயும் இன்னியோட போதும்மா. அந்தப் பொண்ணு நல்லாவே கத்துக்கிச்சி. இனிமே நீ இங்க இன்னா பண்ணப்போற?" என்றார் அண்ணன்.

சாப்பாட்டு நேரம் முடிந்து சைரன் அடித்தது. முகம் கழுவி, வேறு யாருடைய பேன்ட்டையோ மாட்டிக்கொண்டு சுப்ரியா பிரஸ் பக்கம் போனாள். இரண்டு கையிலும் கையுறை போட்டிருந்தாள். அந்த மெஷினுக்குக் கையுறையும் விரலும் ஒன்றுதான். முத்துக்குமார் அவளை நிறுத்தி, கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

நான் துணிக்குள் போனேன். தங்கமணி பன் தின்றுகொண்டிருந்தாள்.

"அவ உன் ரூம்மேட்டுடி."

"அவ இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தா என் வேலை போயிருக்கும்."

"அந்த மெஷின்லதான் நிக்கறா."

"தெரியும். டேப்பும் இன்னும் அப்படியேதேன் இருக்கு." பன்னை முழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். "உங்களுக்கென்னக்கா, படிச்சவுக. கோவிச்சுக்கிட்டு வேற எடம் போவீக. ஒண்ணு கேக்கவா? கத்துறதுக்கு முன்னாடி மூச்சு இழுப்பாகன்னீகளே. சுப்பிக்கு மட்டுந்தேன் எனக்குக் கேட்டுச்சு. மத்தவுகளுக்குக் கேக்க மாட்டேங்குது. அதுக்கு என்ன செய்யணும்?"

பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"சொல்லாட்டிப் போங்க. எனக்கே வந்துரும்" என்றாள்.

வந்துவிடும் என்று எனக்கும் தெரியும்.