ரிசீவரை எடுத்து வைத்தால்

எங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் சாப்பாட்டு வேளைக்கு ஒரு தந்திரம் உண்டு. ரிசீவரை எடுத்து மேஜைமேல் படுக்க வைத்துவிடுவோம். லைன் பிஸி என்று எந்த அழைப்பும் வராது. நிம்மதியாக நாலு வாய் சாப்பிடலாம்.

அதற்கும் வேட்டு வைத்தார் மேனேஜர். இன்டர்நெட் போனோடு மெசேஜ் வசதியையும் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

"லைன் பிஸியா இருந்தா என்ன? மெசேஜ் போயிடும்ல!" என்றார், பெருமை தாங்காமல்.

முதல் நாளே கம்ப்யூட்டர் டொய்ங் டொய்ங் என்று உயிரை வாங்கியது. வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. 'நாங்க மனுஷங்களா, மெஷினா?' என்று மேனேஜருக்கே அனுப்ப மெசேஜ் தட்டினேன்.

திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'அழைப்பில் இருக்கிறார்' என்று காட்டியது. கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ரிசீவர் மேஜைமேல் கிடந்தது. பக்கத்தில் திறக்காத டிபன் பாக்ஸ். கீபோர்டு ஓரம் தலை சாய்த்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார் மனிதர்.

தட்டியதை அழித்தேன்.

"ஏன்க்கா அழிச்சிட்டீங்க?" என்றார், வசதியைப் பொருத்த வந்திருந்த டெக்னீஷியன். "அனுப்பிப் பாருங்க. உடனே போய் அவர்கிட்ட சத்தம் குடுக்கும்."

"குடுக்கும்னுதாம்பா அழிச்சேன்."