கையால இறக்கினவ

எண்ணூர் முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று பத்துப் பெண்கள் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே, கரையில் நின்று சங்கமித்ரா ஓட்டிக்கொண்டிருந்த டிரோன் திடீரென்று நழுவியது.

துறைமுகத்துக் கிரேன்களைப் படமெடுத்துவிட்டுத் திரும்பும் வழி. அவள் கையிலிருந்த ரிமோட்டின் திரையில் சிவப்பு எழுத்து: ஜிபிஎஸ் இல்லை. அதுவரை தானாகவே அசையாமல் நின்ற நாலு கிலோ இயந்திரம், இப்போது கடல்காற்று தள்ளிய பக்கம் போனது.

"ஹோம் பட்டனை அமுக்கும்மா!" கத்தினார் மேற்பார்வையாளர் ரகுபதி. சீக்கிரம் முடியும் என்று பெண்கள் தலைக்கு மேலே பாதை போட்டவர் அவர்தான்.

"வூட்டுக்கு வழி அதுக்கே தெரியல சார். எங்க போவும்?"

"அப்ப மோட்டரை ஆஃப் பண்ணு!"

"ஆஃப் பண்ணா யார் தலையில வுழும்?"

எம்.கே.பி. நகர்ப் பெண் அவள். தினமும் காலையில் பத்து நிமிடம், டிரோனைத் தானாக நிறுத்திப் பிடிக்கும் 'ஆட்டோ'வை அணைத்துவிட்டு வெறுங்கையால் ஓட்டிப் பழகுவாள். பேட்டரியை வீணாக்குகிறாள் என்று போன வாரம்தான் ரகுபதி மெமோ கொடுத்திருந்தார். இன்னொரு புகார் வந்தால் வேலை காலி.

திரையை விட்டு வானத்தைப் பார்த்தாள். டிரோனின் மூக்கைத் தான் பார்க்கும் திசைக்கே திருப்பினாள். அதன் இடது இப்போது தன் இடது. காற்றுக்கு எதிராக ரிமோட்டின் குச்சியைச் சாய்த்துப் பிடித்தாள்.

"இன்னாடி, எங்க தலையில எறக்கப் பாக்கறியா?" தண்ணீரிலிருந்து குப்பம்மா.

"ஓடாதக்கா! அப்டியே நில்லு!"

பக்கத்தில் படகுக்காரர் கோதண்டம், காற்றுப் பார்க்க மூங்கிலில் கட்டிய துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நைனா, காத்து?"

"ஓங்கிகினு கீது கண்ணு... இரு... இரு... தணியுது. இப்ப எறக்கு!"

டிரோன் மணலில் சாய்ந்து விழுந்தது. ஓர் இறக்கை உடைந்தது. தலை ஒன்றும் உடையவில்லை.

சாயங்காலம் திருவொற்றியூர் ஆபீசில் ரகுபதி விபத்து அறிக்கையை நீட்டினார். 'ஓட்டியவரின் தவறு' என்று அச்சாகியிருந்தது.

"கையெழுத்து போடு, வேலையில வெச்சுக்கறேன்."

அவள் அந்த வரியை அடித்துவிட்டு எழுதினாள்: 'சிக்னல் போனது. கையால் இறக்கினேன். ஆட்கள் தலைக்கு மேலே இனி ஓட்ட மாட்டேன். ஆட்டோ இல்லாமல் ஓட்ட எல்லாரும் பழக வேண்டும்.'

"இத மேலிடத்துக்கு அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க சார். பேர இன்னும் பெருசா எழுதித் தரட்டா?"

மறுநாள் காலை கோதண்டம் மூங்கிலில் புதுத் துணி கட்டியிருந்தார். ஜீப்பில் உட்கார்ந்து ரகுபதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆளில்லா மணலுக்கு மேலே, இறக்கை மாற்றிய டிரோனை ஏற்றி, ஆட்டோவை அணைத்தாள் சங்கமித்ரா.