சர்வரை ஆன் பண்ணுங்க

பிரிந்த பிறகும் யமுனா தினமும் இளவரசனைக் கூப்பிட வேண்டியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்திய வரிக் கணக்கு ஆபீஸின் சர்வர் ஸ்ரீரங்கத்தில் அவன் வீட்டு முன்னறையில் இருந்தது. அவள் கே.கே. நகரிலிருந்து அதில் வேலை செய்தாள். வழக்கு முடியும்வரை சர்வர் இருவருக்கும் பொது என்று வக்கீல்கள் பேசி வைத்திருந்தார்கள். அவன் தன் வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுவான்.

"சர்வரை ஆன் பண்ணுங்க."

"கோயில்ல நிக்கிறேன். வந்து போடறேன்."

சர்வருக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிடுவாள். குரல் இறங்கியிருக்கும். அதைக் கேட்கத்தான் அணைத்தான்.

சனிக்கிழமை காலை, வக்கீல் மூலம் சொல்லிவிட்டு, அவளே வந்தாள். அவன் உட்காரச் சொல்லவில்லை. சர்வரின் பின்னால் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை அதனோடு இணைத்தாள்.

"என்னத்த நோண்டுற?"

"சர்வீஸ் கன்சோல். சர்வர் அணைஞ்சிருந்தாலும் உள்ள ஒரு மூலை முழிச்சிட்டிருக்கும். அதுகிட்ட சொல்லி எங்கேருந்து வேணும்னாலும் ஆன் பண்ணலாம். ப்ளக்ல கரண்ட் இருந்தா போதும்."

"அது என் வீட்டுக் கரண்ட்."

"வக்கீல்கிட்ட சொல்லுங்க."

கறுப்புத் திரையில் ஒவ்வொன்றாக மாற்றினாள். வெளியிலிருந்து இயக்க அனுமதி கொடுத்தாள். புது பாஸ்வேர்ட் போட்டாள். அவன் எட்டிப் பார்த்தபோது திரையைத் திருப்பிக்கொண்டாள். கரண்ட் போய் வந்தால் அணைந்தே இருக்க வேண்டும் என்றிருந்ததை, தானே எழ வேண்டும் என்று ஆக்கினாள்.

"நாயைப் பழக்கற மாதிரியில்ல இருக்கு."

"நாயாவது சொன்னா கேக்கும்."

நெட் கேபிளைச் செருகினாள். சர்வரை அணைத்தாள். பையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், அங்கே நின்று போனில் எதையோ தட்டினாள். உள்ளே சர்வர் உறுமிக்கொண்டு எழுந்தது.

"இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன்" என்றாள் கேட்டுக்கு வெளியிலிருந்து.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் வழக்கம்போல அணைத்தான். காப்பி டம்ளரை வாயில் வைப்பதற்குள் அது எழுந்தது. மறுபடி அணைத்தான். மறுபடி எழுந்தது. பொத்தானைக் கட்டைவிரலால் நசுக்குவதுபோல அழுத்திப் பிடித்தான். அணைந்தது. அவன் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் உறுமல் கேட்டது. போன் மேசைமேல் சும்மா கிடந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினான்.

உட்கார்ந்து காத்திருந்தான். போன் அடித்தது. அடிக்க விட்டு, பிறகு எடுத்தான்.

"ப்ளக்கைப் பிடுங்கிட்டீங்களா?" குரல் இறங்கவில்லை.

"கரண்ட் இல்ல."

"ஃபேன் ஓடற சத்தம் எனக்குக் கேக்குது."

இளவரசன் மேலே பார்த்தான். எழுந்து போய் சுவிட்சைத் தட்டினான். இறக்கைகள் சுற்றி ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்ப?" என்றான்.