தைலமரக் கிளையில் எத்தனை?

நவம்பரில் மோனார்க் பட்டாம்பூச்சிகள் எங்கள் கலிபோர்னியக் கடற்கரைத் தோப்புக்கு வந்து கொத்துக்கொத்தாகத் தொங்கும். குளிரில் இறக்கையை மூடிக்கொண்டால் காய்ந்த இலைக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. வெயில் ஏறி அவை பறப்பதற்குள் எண்ணிவிட வேண்டும். இருவர் தனித்தனியாக எண்ணுவோம். இரண்டு கணக்கும் ரொம்ப உதைத்தால் கணக்கெடுப்புக் குழு அடுத்த வருடம் வேறு ஜோடியைப் போட்டுவிடும்.

பதினெட்டு வருடமாக அந்த ஜோடி நானும் என் கணவர் வெர்னனும்தான். போன ஏப்ரலில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் இழுக்கிறது, பாதிப் பெயர்கள் மறந்துவிட்டன. இந்தத் தோப்பையும் பிடுங்கிக்கொண்டால் மனிதர் உடைந்துபோவார். அதனால், அவர் என்ன உளறினாலும் அதையே நானும் எழுதுவது என்ற முடிவோடுதான் வந்தேன். பொய்க்கணக்கு எனக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் வந்தேன்.

கடைசித் தைலமரத்தின் கீழ் தொலைநோக்கியை இறக்கினேன்.

"நீ எவ்வளவு போட்ட?" என்று கேட்டேன்.

"அறுநூறு."

மேலே வெறும் சருகு. ஒன்றுகூட இல்லை. அச்சாக அதையே போட்டால் சந்தேகம் வருமே; ஐந்நூற்று எண்பது என்று எழுதினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "என்ன அம்மணி, காப்பியடிக்கிறியா?"

"வாய மூடிட்டு நில்லு. விழுந்து தொலைக்காத."

வெயில் மேட்டைத் தாண்டி மரத்தில் விழுந்தது. சருகு அசைந்தது. பிறகு கிளை முழுக்க ஆரஞ்சு நிறமாகத் திறந்து, பாதி எங்கள் தலைக்கு மேல் பறந்தது.

பழுது அவர் மூளையில் இல்லை, என் கண்ணில்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"ரெண்டு வருஷமாவே. டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னா கடிச்சுக் குதறியிருப்ப. அதான் உன் தாளை எட்டிப் பாத்து, உனக்குத் தக்கபடி நானும் கொறைச்சே எழுதிட்டிருந்தேன். இன்னிக்கு நீ முந்திக் கேட்டுட்ட."

"அடப்பாவி! நம்ம தோப்புல பூச்சி பாதியாயிடுச்சுன்னு எல்லாரும் கூட்டம் போட்டுப் புலம்பினாங்களே!"

"பூச்சி எங்கயும் போகல. நம்ம தாள்லதான் போச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. தாளில் என் பெயரை அடித்தேன்.

"குழுகிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிடுவோம். இனிமே எண்ண உனக்கு ஜோடியா வேற ஆளு வரட்டும்."

"அப்ப நீ?"

"இந்தச் சரிவுல உன்னை யாரு இறக்குறது?"

ஏப்ரலிலிருந்து யாரையும் தொடவிடாமல் தடியை ஊன்றியே நடந்த மனிதர், தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். தன் முழு எடையையும் என் தோளில் போட்டார். கனமாக இருந்தது. மெதுவாக இறங்கினோம்.