பத்து நாள் புல்

கால்பந்தாட்டத்தின் இடைவேளை முடிந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அதீஃப் இடுப்பில் கைவைத்து நின்றதைப் பார்த்ததும் ரமணனுக்கு வயிறு குளிர்ந்தது. ஃபேரர் பார்க் பக்கமிருந்த அந்தக் கிளப்புக்கு ஆடுபவனும் அதன் திடலில் புல் வெட்டுபவனும் ரமணன்தான். இந்த ஆட்டத்துக்காகப் பத்து நாளாகப் புல்லைத் தொடவில்லை. காலையில் தண்ணீரையும் திறந்துவிட்டு, ஆற அமர உட்கார்ந்து காப்பி குடித்தான். கேட்டால் மழை என்று சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் யார் சந்தேகப்படப்போகிறார்கள்?

அதீஃபின் உட்லண்ட்ஸ் குழு வாராவாரம் செயற்கைப் புல்லில் ஓடிப் பழகியது. அங்கே காலை வைத்தால் தரையே தூக்கிக் கொடுக்கும். இங்கே ஒவ்வோர் அடியையும் சேற்றிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டும். நாற்பது வயதுக் கெண்டைக்கால் எழுபது நிமிடத்துக்கு மேல் தாங்காது.

பதினெட்டு வருடத்துக்கு முன், ஒரு தேர்வு ஆட்டத்தில், இதே மாதிரிச் சேற்றில் ரமணனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அப்படி விழுந்தவனின் பாதத்தைப் பிடித்து, இழுப்பு விடும்படி தள்ளிவிடுவது எதிரணிக்காரன்கூடச் செய்கிற காரியம். ரமணன் காலைத் தூக்கிக் காட்டினான். சிநேகிதன் என்று நம்பியிருந்த அதீஃப் அந்தக் காலைத் தாண்டிப் போய், "நடிக்கிறான் கோச். ஸ்டாமினா இல்ல லா," என்றான். அதீஃப் தேர்வானான். ரமணனை அதற்குப் பிறகு எந்தப் பெரிய குழுவும் கூப்பிடவில்லை. இன்று காலை அதே அதீஃப், "எத்தன வருசம் ஆச்சு டா!" என்று கட்டிப்பிடித்தான். எதுவுமே ஞாபகம் இல்லை, படுபாவிக்கு.

எழுபதாவது நிமிடத்தில் அதீஃப் விழுந்தான். பந்தும் மற்றவர்களும் மறுகோடியில் இருந்தார்கள்.

"ரமணா... கிராம்ப் டா. கொஞ்சம் தள்ளிவிடு."

தூக்கிக் காட்டிய காலைத் தாண்டிப் போகத்தான் ரமணன் தன் காலைச் சேற்றிலிருந்து பிடுங்கினான். தன் கெண்டைக்காலுக்கும் நாற்பது வயது என்பதை மறந்துபோயிருந்தான். அது முறுக்கிப் பிடித்தது. அதீஃபுக்கு எதிரிலேயே தொப்பென்று விழுந்தான்.

அதீஃப் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்து வந்து, தன் பாதத்தை ரமணனின் பாதத்தோடு ஒட்டி வைத்தான். பூட்ஸோடு பூட்ஸ்.

"நல்லா நீட்டித் தள்ளு. ரெண்டு பேருக்கும் விட்டுரும்."

உண்மைதான். ஆனால் தனக்கு விட வேண்டுமென்றால் அவனுக்கும் விட்டாக வேண்டும். வலியில் ரமணனுக்குக் கண்ணீர் வந்தது.

"தள்ளேன் டா!"

ரமணன் முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இரண்டு பூட்ஸுக்கும் நடுவே மிதிபட்டுக் கிடந்த புல் மெல்ல நிமிர்ந்தது.